இரட்டை எஞ்சின் படகும் ஏரி வாத்தும்

நெல் அறுத்த கையோடு உத்திரமேரூர்ப் பக்கத்து வயல்களில் வாத்து மந்தைகள் இறங்கும். சிந்திய மணியையும் நத்தையையும் பொறுக்கிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் ஏரியிலோ வாய்க்காலிலோ நீந்திப் போகும். மேய்ப்பவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தால் வேகம் கூட்டும், அதுவும் ஓரளவுக்குத்தான். அதற்கு மேல் நெருக்கினால் நீந்துவதையே விட்டுவிட்டு, சிறகடித்துக்கொண்டு நீரின் மேல் தத்தி ஓடும். நடுத்தர வேகம் என்று ஒன்று அதற்குக் கிடையாது.

இதை 1970இல் இரண்டு விஞ்ஞானிகள் அளந்தே பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேஞ்சும் கனூட் ஷ்மிட்-நீல்சனும் மல்லார்ட் வாத்துகளை ஓடும் நீர்த்தொட்டியில் நீந்தவிட்டு, அவை எவ்வளவு ஆக்சிஜன் இழுக்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். வினாடிக்கு சுமார் அரை மீட்டர் வேகத்தில் நீந்தும்போதுதான், கடக்கும் தூரத்துக்கு ஆகும் செலவு மிகக் குறைவாக இருந்தது. அதைத் தாண்டினால் செலவு கிடுகிடுவென ஏறியது. வினாடிக்கு 0.7 மீட்டருக்கு மேல் வேகமே கூடவில்லை.

பழைய இரட்டை எஞ்சின் மோட்டார் படகு ஒன்றை வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, “லிட்டருக்கு எவ்வளவு ஓடும்?” என்பது. “டேங்க் நிரப்பினால் எவ்வளவு தூரம் போகலாம்?” என்பது இரண்டாவது. இரண்டுக்குமான பதிலில் முக்கால்வாசி இந்த வாத்திடம் இருக்கிறது.

கடலே இல்லாத மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கடல் படகைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். நியாயம்தான். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கடப்பாக்கம் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. காஞ்சிபுரத்துக்கு மிஞ்சியவை ஏரிகள்தாம். ஆனால் படகு இந்தப் பகுதிக்கு அந்நியமில்லை. பல்லவர், சோழர் காலத்துக் கல்வெட்டுகள் ஏரியில் தூர் அள்ளும் ஓடங்களைப் பேசுகின்றன. உத்திரமேரூரில் உள்ள, 919, 921 ஆகிய ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்பெற்றவை. அப்படித் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். வைரமேக தடாகம் என்று கல்வெட்டுகள் சொல்லும் பெரிய ஏரியைக் காப்பதற்கு ஆள் நியமித்து, விதி வகுத்து, கணக்கும் வைத்த ஊர் இது. அந்தக் காலத்து ஓடத்துக்கு எரிபொருள் சோறு. தள்ளுகிறவர் களைத்தால் ஓடம் தானாக மெதுவாகும். அந்தக் கட்டுப்பாடு டீசல் வந்த பிறகு போய்விட்டது.

இன்னொரு தொடர்பும் உண்டு. படகின் எரிபொருள் கணக்கு, மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவரைவிட ஆயில் எஞ்சின் வைத்திருக்கும் விவசாயிக்கு எளிதில் விளங்கும். பைக்குக்கு மைலேஜ் உண்டு, பம்புசெட்டுக்கு ஏது? “மணிக்கு எவ்வளவு குடிக்கும்?” என்றுதான் கேட்பார்கள். வாய்க்காலிலிருந்து வயலுக்கு நீர் இறைக்க எஞ்சினை வாடகைக்கு விடுகிறவரும் மணிக்கணக்கில்தான் காசு வாங்குவார். ஐந்து குதிரைத்திறன் டீசல் எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேலே குடிக்கும். படகுக்காரரின் கணக்கும் இதே வகைதான்: மணிக்கு எத்தனை லிட்டர் என்பது முதலில், அந்த ஒரு மணியில் எத்தனை கடல் மைல் போனோம் என்பது பிறகு. ஒன்றை மற்றதால் வகுத்தால்தான் மைலேஜ். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

மணிக்கு எத்தனை லிட்டர் என்பதற்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது. டீசல் எஞ்சின், உண்மையில் வெளிக்கொடுக்கும் ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் மணிக்கு ஏறக்குறைய கால் லிட்டர் எரிக்கும். நல்ல நிலையில் இருந்தால் அதற்கும் கொஞ்சம் குறைவு. பெட்ரோலில் ஓடும் பழைய கார்புரேட்டர் எஞ்சின் அதைவிடக் கணிசமாக அதிகம். படகுக்கு வெளியே பின்புறம் மாட்டும் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு என்றால் அரை லிட்டரைத் தொடும். அதன் சிலிண்டருக்குள் புதுக் கலவை நுழையும்போது புகைவழியும் திறந்தே இருக்கும். உள்ளே போனதில் கால் பங்கு வரைகூட எரியாமலே வெளியேறிக் கடலில் கலந்துவிடும். பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்குப் பின்னால் நீரில் மிதக்கும் வானவில் நிறப் படலம், காசு கொடுத்து வாங்கிய எண்ணெய்தான்.

“உண்மையில் வெளிக்கொடுக்கும்” என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் மேல் 120 குதிரைத்திறன் என்று பொறித்திருப்பதால் அது எப்போதும் 120 தருகிறது என்று பொருளில்லை. படகு எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் தரும். படகு எவ்வளவு கேட்கிறது என்பதுதான் வாத்தின் கதை.

நீரைக் கிழித்துக்கொண்டு போகும் எதுவும் அலை எழுப்பும். முன்முனையான அணியத்தில் ஒரு முகடு, அதன் பின்னால் ஒரு பள்ளம், பிறகு இன்னொரு முகடு. ஆழ்நீரில் ஓடும் அலைக்கு ஒரு விதி உண்டு: நீளமான அலை வேகமாக ஓடும், குட்டை அலை மெதுவாக ஓடும். படகு வேகமெடுக்க எடுக்க அது எழுப்பும் அலையும் நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகின் நீளமும் சமமாகிவிடும். அணியம் ஒரு முகட்டில், பின்புறம் அடுத்த முகட்டில். இதற்கு மேலும் வேகம் கூட்டினால் இரண்டாவது முகடு படகுக்குப் பின்னால் நழுவிப் போகும். பின்புறம் பள்ளத்தில் இறங்கும், அணியம் தூக்கும். அங்கிருந்து படகு தானே எழுப்பிய மேட்டில் தானே ஏறிக்கொண்டிருக்கும். எத்தனை ஏறினாலும் மேடு முடியாது, ஏனென்றால் மேடும் கூடவே நகர்கிறது.

அந்த எல்லை வேகத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி: நீர்மட்டத்தில் படகின் நீளத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கடல் மைல் என்று வரும். 9 மீட்டர் படகுக்கு 7.3. 12 மீட்டருக்கு 8.4. நீர்மட்டத்தில் 33 சென்டிமீட்டர் நீளமுள்ள வாத்துக்கு இதையே போட்டால் வினாடிக்கு 0.7 மீட்டர் வருகிறது. டியூக் பல்கலைக்கழகத் தொட்டியில் அளந்ததும் அதே 0.7தான். இறகும் சதையும் ஆன ஒன்றுக்கும் மரமும் இரும்பும் ஆன ஒன்றுக்கும் நீர் ஒரே சட்டம்தான் வைத்திருக்கிறது. எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் அலுக்காத சங்கதி.

இந்தச் சட்டத்தைக் கண்டு சொன்ன பெருமையில் பெரும்பங்கு வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளரைச் சேரும். ரயில் பாதை வேலையில் தொடங்கிக் கப்பலுக்கு வந்தவர். 1867இல் ‘ஸ்வான்’, ‘ரேவன்’ என்று இரண்டு வடிவங்களில், 3 அடி, 6 அடி, 12 அடி நீளத்தில் மாதிரிப் படகுகள் செய்து டார்ட் ஆற்றில் இழுத்துப் பார்த்தார். ஒன்றுக்கு நீர்ப்பறவை மாதிரி மொழுக்கென்ற முகம், மற்றதற்குக் கூரிய முகம். கூர்முகம்தான் எப்போதும் வெல்லும் என்பது அன்றைய நம்பிக்கை. சோதனையில் குறைந்த வேகத்தில் அதுதான் முந்தியது. வேகம் கூடியதும் மொழுக்கு முகம் முந்திவிட்டது. எல்லா வேகத்துக்கும் சிறந்த வடிவம் என்று ஒன்று இல்லை என்பது அன்று விளங்கியது. 3 அடிப் படகும் 12 அடிப் படகும் ஒரே மாதிரி அலைக்கோலம் எழுப்ப வேண்டுமானால், அவற்றின் வேகங்கள் நீளத்தின் வர்க்கமூல விகிதத்தில் இருக்க வேண்டும் என்பதும் விளங்கியது. பிறகு டார்க்கி என்ற ஊரில் தன் வீட்டருகே நீண்ட தொட்டி ஒன்று கட்டி, பாரஃபின் மெழுகில் செய்த மாதிரிகளை அதில் இழுத்தார். 1879இல் இறந்தார். சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறையிலும் இப்படி மாதிரிகளை இழுத்துப் பார்க்கும் தொட்டி உண்டு. உலகமெங்கும் கப்பல் கட்டுகிறவர்கள் இன்றும் ஃபுரூட்டின் வழியில்தான் சோதிக்கிறார்கள்.

எல்லை வேகத்துக்குக் கீழே கணக்கு என்ன? தோராயமாக, வேகம் எத்தனை மடங்கோ அந்த எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் திறன் எத்தனை மடங்கு என்று வரும். வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு திறன். திறனோடு சேர்ந்து மணிக்கணக்கான டீசலும் எட்டு மடங்கு. தூரத்தைப் பாதி நேரத்தில் கடந்துவிடுவதால் மைலுக்கு ஆகும் செலவு நான்கு மடங்கு. எல்லையை நெருங்க நெருங்க இதுவும் போதாது, ஏற்றம் இன்னும் செங்குத்தாகும்.

ஒரு படகை வைத்துப் பார்ப்போம். நீர்மட்டத்தில் 12 மீட்டர் நீளம், மரக்கட்டுமானம், இரண்டு பழைய டீசல் எஞ்சின்கள். மணிக்கு 8 கடல் மைல் வேகத்தில் இரண்டும் சேர்ந்து 24 லிட்டர் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். மைலுக்கு 3 லிட்டர். இனி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியபாணி’ என்ற பயணிகள் கப்பல் மறுபடி திறந்துவைத்த அந்தப் பாதை சுமார் 60 கடல் மைல், போய்வர 120. நம் பழைய படகை யாரும் அங்கே அனுமதிக்கப் போவதில்லை, கணக்குக்காகத்தான். மணிக்கு 8 மைலில் போனால் ஏழரை மணி நேரப் பயணம். போய்வர 360 லிட்டர். 7 மைலாகக் குறைத்தால் மணிக்கு 16 லிட்டர்தான் ஆகும். போய்வர சுமார் 276 லிட்டர். வழியில் கூடுதலாகச் செலவான நேரம், இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு மணி. மிச்சம் 84 லிட்டர். 6 மைலாக்கினால் போய்வர சுமார் 200 லிட்டரில் முடிந்துவிடும், ஒரு பக்கத்துக்குப் பத்து மணி நேரம் பொறுமை இருந்தால்.

இதையே தூரமாகப் பார்த்தால் இன்னும் விளங்கும். கையில் 400 லிட்டர் இருந்தால் 8 மைல் வேகத்தில் 133 கடல் மைல் போகலாம். 7இல் 174. 6இல் 237. டேங்கைத் தொடாமல், எஞ்சினை மாற்றாமல், வேகத்தைக் கால் பங்கு குறைத்ததற்கே போகும் தூரம் ஏறக்குறைய முக்கால் பங்கு கூடிவிடுகிறது. உண்மைப் படகில் எண்கள் கொஞ்சம் முன்பின் ஆகும்; மிகக் குறைந்த சுமையில் டீசல் எஞ்சினின் சிக்கனம் சற்றுக் கெடும். எதிர்த்திசையில் போய், அதே படகை மணிக்கு 9 மைலுக்குத் தள்ளிப் பார்த்தால் எல்லை வேகம் குறுக்கே நிற்கும். அந்த ஒரு மைலுக்காக எஞ்சின்கள் இதுவரை தந்த அளவைக் கிட்டத்தட்ட மறுபடியும் தர வேண்டியிருக்கலாம். புகை வரும், நுரை வரும், வேகம் மட்டும் வராது.

இப்போது இரட்டை எஞ்சினுக்கு வருவோம். இரண்டு எஞ்சின் இருந்தால் இரண்டு மடங்கு வேகம் என்று நினைப்பவர்கள் உண்டு. மேலே சொன்ன விதிப்படி, திறன் இரட்டிப்பானால் வேகம் கூடுவது 26 சதவீதம்தான். இதைத் தலைகீழாகப் பிடித்தால் ஒரு நல்ல செய்தி கிடைக்கும்: இரண்டு எஞ்சினும் முழு வேகத்தில் ஓடும்போது மணிக்கு 8 மைல் போகும் படகு, ஒன்றை நிறுத்திவிட்டாலும் ஏட்டுக் கணக்கில் 6.3 மைல் போகும்.

இங்கேதான் படகுக்காரர்களிடையே ஒரு பழைய நம்பிக்கை முளைக்கிறது. “ஒரு எஞ்சினை அணைச்சிட்டா டீசல் பாதி மிச்சம்.” செய்து பார்ப்பவருக்கு மிச்சமாவதும் உண்மை. ஆனால் அந்த மிச்சத்தில் பெரும்பகுதி எஞ்சினை அணைத்ததால் வந்ததில்லை. படகு மெதுவானதால் வந்தது. இரண்டு எஞ்சினையும் ஓடவிட்டு, அதே 6.3 மைலுக்கு இறக்கிப் பார்த்தால் செலவு அநேகமாக அதே இடத்துக்கு வந்து நிற்கும். படகுக்கு அந்த வேகத்தில் எவ்வளவு திறன் தேவையோ அவ்வளவுதான். அதை ஒரு எஞ்சின் தருகிறதா, இரண்டு பங்குபோட்டுத் தருகின்றனவா என்பது நீருக்குத் தெரியாது.

ஒற்றை எஞ்சினுக்குச் சாதகமான வாதம் ஒன்று உண்டு. அரைச் சுமையில் ஓடும் டீசல் எஞ்சின், கால் சுமையில் ஓடுவதைவிடச் சிக்கனமானது. தேய்மானமும் பாதிதான். ஆனால் எதிர்ப்பக்கத்தில் பட்டியல் நீளம். அணைத்த எஞ்சினின் புரொப்பலர் நீருக்குள் இறங்கியபடியே இருக்கிறது, அதை இழுத்துக்கொண்டு போக வேண்டும். தள்ளுவது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் என்பதால் படகு மறுபக்கம் திரும்பப் பார்க்கும். சுக்கானை எப்போதும் சற்றுச் சாய்த்தே பிடிக்க வேண்டும், சாய்ந்த சுக்கான் ஒரு தடைக்கட்டை. ஓடுகிற எஞ்சினின் புரொப்பலர் இரண்டு பேர் சேர்ந்து தள்ளும் வேகத்துக்காக வடிவமைத்தது; தனியாக விட்டால் மேட்டில் டாப் கியரில் ஏறும் லாரியின் நிலைமை அதற்கு, கறுப்புப் புகையில் அது தெரிந்துவிடும். சிலவகைக் கியர்பாக்ஸ்களில் எண்ணெய் பம்பை எஞ்சின்தான் ஓட்டுகிறது. எஞ்சினை அணைத்துவிட்டு, நீரோட்டத்தில் புரொப்பலர் தானாகச் சுழல விட்டால், எண்ணெய் படாமல் உள்ளே தேயும். டீசலில் மிச்சம் பிடித்ததைக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்க வேண்டி வரும். கூட்டிக் கழித்தால் கைக்கு வருவது சொற்பம். சில படகில் ஒன்றுமே வராது.

இன்னொன்று, புரொப்பலர். பெரிய புரொப்பலர் மெதுவாகச் சுழன்று நிறைய நீரை மெல்லப் பின்னே தள்ளுவது, சிறியது வேகமாகச் சுழன்று கொஞ்ச நீரை விசையாகப் பீய்ச்சுவதைவிடச் சிக்கனம். இது எந்தப் படகுக்கும் பொருந்தும். இரட்டை எஞ்சின் படகில் ஒரு பெரிய புரொப்பலருக்குப் பதில் இரண்டு சிறியவை. தண்டு இரண்டு, தாங்கி இரண்டு, சுக்கான் இரண்டு, எல்லாம் நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒற்றை எஞ்சின் படகில் அடிக்கட்டையின் மறைவில் பத்திரமாக இருக்கும் புரொப்பலர், இங்கே பக்கவாட்டில் திறந்த வெளியில், மிதக்கும் வலைத் துண்டுக்கும் கயிற்றுக்கும் முதல் இரையாக. ஆக, ஒரே அளவு, ஒரே எடை, ஒரே வேகம் என்றால் ஒற்றை எஞ்சின் படகுதான் பொதுவாகக் குறைவாகக் குடிக்கும்.

அப்புறம் ஏன் இரண்டு? கரை சேர்வதற்கு. நடுக்கடலில் ஒன்று நின்றுபோனால் மற்றது இருக்கிறது. துறைமுகத்தின் நெரிசலில் ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் போட்டால் நின்ற இடத்திலேயே படகைத் திருப்பலாம். கன்னியாகுமரிக் கரையில் சிறு ஃபைபர் வள்ளங்கள்கூட இரண்டு அவுட்போர்டு எஞ்சின்களோடு போவதற்குக் காரணம் சிக்கனம் இல்லை, பயம். நியாயமான பயம். ஆனால் பழைய படகுகளில் ஒரு ஓட்டை உண்டு: எஞ்சின் இரண்டு, டேங்க் ஒன்று. அதில் தண்ணீரோ சகதியோ கலந்துவிட்டால் இரண்டு எஞ்சினும் பத்து நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து நின்றுவிடும். இரட்டை எஞ்சினின் உண்மையான பயன் வேண்டுமென்றால் இரண்டு டேங்க், இரண்டு வடிகட்டி என்று பிரித்து வைத்திருக்க வேண்டும். பழைய படகு வாங்குகிறவர் எஞ்சின் உறையைத் திறப்பதற்கு முன்னால் இதைப் பார்க்கலாம்.

இதுவரை சொன்னது நீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுகளின் கதை. வாத்து கடைசியில் சிறகடித்து நீரின் மேல் ஓடியதே, அப்படி எழும்பி ஓடும் படகுகளும் உண்டு. முட்டுக்காட்டிலும் முதலியார்குப்பத்திலும் சுற்றுலாத் துறையின் படகுக் குழாமில் சீறிப் போகும் வேகப் படகுகள் அந்த இனம். அடி தட்டையாக இருக்கும், எடை குறைவு, திறன் மிக அதிகம். தன் அலை மேட்டை ஏறிக் கடந்து, நீரின் மேல் சறுக்கத் தொடங்கியதும் அலைத்தடை பெரிதும் பின்தங்கிவிடும். அதற்குப் பிறகு வேகம் கூட்டினாலும் மைலுக்கு ஆகும் செலவு அவ்வளவாக மாறாது. ஆனால் அந்த நிலையில் நிற்பதற்கே பெருஞ்செலவு. தலா 200 குதிரைத்திறனில் இரண்டு பழைய பெட்ரோல் எஞ்சின் பூட்டிய உல்லாசப் படகு முழு வேகத்தில் மணிக்கு 150 லிட்டரை விழுங்கும். அதையே மணிக்கு ஆறேழு மைலில் வாத்து மாதிரி நீந்தவிட்டால் மைலுக்கு ஆகும் செலவு பாதிக்கும் கீழே போய்விடும். மிக மோசமானது நடு வேகம்: சறுக்கவும் இல்லை, நீந்தவும் இல்லை, அணியம் வானத்தைப் பார்க்க, பின்னால் பெரிய அலையை இழுத்துக்கொண்டு போகும் அந்த நிலை. வாத்துக்கு நடு வேகம் இல்லை என்றேனே, அதன் புத்தி படகு ஓட்டும் பல ஸ்ராங்குகளுக்கு வாய்ப்பதில்லை.

படகு பழையது என்பதால் எவ்வளவு கூடுதலாகக் குடிக்கும்? டீசல் விஷயத்தில் பயந்த அளவு இல்லை. தமிழகத்து விசைப்படகுகளில் பலகாலம் கோலோச்சியவை, லாரி எஞ்சினைக் கடலுக்கு ஏற்ப மாற்றிய அசோக் லேலண்ட் எஞ்சின்கள். இன்ஜெக்டரைச் சுத்தமாக வைத்து, வால்வு இடைவெளியைச் சரிபார்த்து வந்தால், இந்தமாதிரிப் பழைய மெக்கானிக்கல் டீசல் புதியதோடு ஓரளவு ஈடுகொடுக்கும். காசு அதிகம் கசிவது எஞ்சின் அறையில் இல்லை, படகின் அடியில். கொட்டலசும் பாசியும் ஒட்டிய அடிப்பாகம் நீரைப் பிடித்து இழுக்கும். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 1999இல் சிறு மீன்பிடிப் படகுகளுக்காக வெளியிட்ட கையேடு இதற்குக் கணக்கு சொல்கிறது: பாசி பிடிக்காத பூச்சு அடிக்காத படகு ஒரே மாதத்தில் 7 சதவீதமும், ஆறு மாதத்தில் 44 சதவீதமும் கூடுதலாக எரிபொருள் குடிக்கலாம். புது எஞ்சின் வாங்கி இதில் பாதியைக்கூட மிச்சப்படுத்த முடியாது. கரையேற்றிச் சுரண்டிப் பூச்சு அடிக்க ஆகும் கூலி எங்கே, புது எஞ்சின் விலை எங்கே!

படகின் எரிபொருளை மிச்சப்படுத்தும் ஆராய்ச்சியில் சென்னைக்கு ஒரு நல்ல இடம் உண்டு. வங்காள விரிகுடாத் திட்டம் என்ற பெயரில் அதே உணவு வேளாண்மை அமைப்பு 1979 முதல் சென்னையில் இருந்து நடத்திய மீனவர் திட்டத்தில், நார்வேயைச் சேர்ந்த படகு வடிவமைப்பாளர் ஓவிந்த் குல்பிரான்ட்சன் பணியாற்றினார். அலை மோதும் மணல் கரையிலேயே ஏற்றி இறக்கத் தக்க படகுகள், கரையேறும்போது மேலே தூக்கிக்கொள்ளும்படியான டீசல் எஞ்சின் அமைப்பு என்று இங்கே பல வேலைகள் நடந்தன. 1986இல் சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி அவர் எழுதிய சிற்றேடு சென்னையிலிருந்தே வெளிவந்தது. அதன் சாரம்: வேகத்தைக் குறை, புரொப்பலரைப் பெரிதாக்கி மெதுவாகச் சுழலவிடு, அடியைச் சுத்தமாக வை, பெட்ரோல் அவுட்போர்டைவிட, படகுக்குள் பொருத்தும் டீசல் இன்போர்டைத் தேர்ந்தெடு. ஏறக்குறைய நாற்பது ஆண்டுக்குப் பிறகும் அதில் அடித்துத் திருத்த வேண்டியது அதிகம் இல்லை.

போகக்கூடிய தூரம் என்று வரும்போது ஏட்டுக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. டேங்கின் அடியில் தேங்கும் கடைசிச் சில லிட்டர் எஞ்சினுக்கு எட்டாது. எதிர் நீரோட்டம் இருந்தால், படகு நீரில் மணிக்கு 6 மைல் போனாலும் கரையைப் பொறுத்து நாலரைதான் போகும். தூரத்தில் கால் பங்கு போச்சு. தமிழகக் கரையோரம் நீரோட்டம் ஆண்டு முழுக்க ஒரே திசையில் ஓடுவதில்லை; வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே ஓடும், கோடையில் வடக்கே ஓடும். போகும்போது தள்ளிவிட்டது, திரும்பும்போது மறிக்கும். அதனால்தான் போவதற்கு மூன்றில் ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, தொடாமல் வைப்பதற்கு ஒரு பங்கு என்று உலகமெங்கும் படகோட்டிகள் வழக்கம் வைத்திருக்கிறார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் அடித்தபோது கன்னியாகுமரி, கேரளப் படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் போய் ஒதுங்கின. பலர் திரும்பவே இல்லை. புயலில் போன உயிருக்கெல்லாம் எரிபொருள்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எஞ்சின் ஓடும் வரைதான் அலைக்கு நேரே அணியத்தைப் பிடிக்க முடியும். அந்தக் கூடுதல் மணி நேரங்களைத் தருவது தொடாமல் வைத்த அந்த மூன்றாவது பங்கு.

பழைய படகு வைத்திருப்பவர் தன் படகின் உண்மைக் கணக்கை அறியப் பெரிய கருவி வேண்டாம். கடல் அமைதியாக உள்ள ஒரு காலையில் டேங்கைத் தலைதட்டி நிரப்பி, ஒரே சுற்று வேகத்தில் அரை மணி போகவும், அதே வழியில் அரை மணி திரும்பவும் வேண்டும். இரு திசையும் போனால் நீரோட்டம் கழிந்துவிடும். செல்பேசியின் ஜிபிஎஸ் தூரத்தைச் சொல்லும். மறுபடி தலைதட்டி நிரப்ப எத்தனை லிட்டர் பிடித்தது என்று குறித்துக்கொண்டு, வேறு இரண்டு வேகங்களிலும் இதையே செய்தால் அந்தப் படகின் ஜாதகம் கைக்கு வந்துவிடும். எந்த வேகத்துக்கு மேல் காசு கடலுக்குப் போகிறது என்பது அந்த மூன்று எண்ணிலேயே தெரியும். வலையை இழுத்துக்கொண்டு போகும்போது கணக்கு வேறு. அங்கே செலவு வலைக்கு. மீன்பிடிக்கும் இடத்துக்குப் போகவும் வரவும் ஆகும் ஓட்டத்துக்குத்தான் இது பொருந்தும்.

தமிழக அரசு வரிவிலக்கு டீசலை விசைப்படகுகளுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டரிலிருந்து 19,000 ஆகவும், எஞ்சின் பொருத்திய நாட்டுப்படகுகளுக்கு 4,000 லிட்டரிலிருந்து 4,400 ஆகவும் உயர்த்துவதாக 2023இல் அறிவித்தது. நாட்டுப்படகுக்குக் கூடியது பத்து சதவீதம். போகும் வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் அந்த ஓட்டத்தில் மிச்சமாகும் டீசல் சுமார் 19 சதவீதம். மானியம் வேண்டாம் என்பது என் கட்சியில்லை. மானியத்தோடு, எஞ்சின் குழாயில் பொருத்தும் ஓர் எரிபொருள் அளவியையும் படகுதோறும் தர வேண்டும் என்பதுதான். மணிக்கு எத்தனை லிட்டர் போகிறது என்ற எண் கண்முன் ஓடிக்கொண்டிருந்தால், வேகத்தைக் குறைக்கச் சொல்லி எந்த அதிகாரியும் கடலுக்குப் போக வேண்டியிருக்காது. மீன்வளத் துறை இதை ஒரு துறைமுகத்திலாவது தொடங்கிப் பார்க்கலாம்.